ஒன்பது ஓட்டும் பதினோரு பேரும்

கிரேடி விக்கரி ஒன்பது ஓட்டில் தோற்றார். எங்கள் கவுண்டியில் ஓட்டுப் போடும் கறுப்பர்கள் மொத்தம் பதினோரு பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். தேர்தலுக்கு மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்குள், இது எங்கள் வேலைதான் என்று முடிவெட்டும் கடையில் வெள்ளைக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

என் பெயர் ஹோசியா மிம்ஸ். அலபாமாவின் வடக்கு மூலையில், லாவெல் கவுண்டி கோர்ட் கட்டடத்தைப் பதினாலு வருஷமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். மற்ற பத்துப் பேரும் சொந்த நிலம் உள்ளவர்கள், பிரசங்கிகள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்தும் வாத்தியார்கள். வெள்ளைக்காரன் கையெட்டும் தூரத்தில், சம்பளத்துக்கு அவனையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருத்தன்தான். அதனால் பழி யார் தலையில் விழும் என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அது அறுபத்து நாலு நவம்பர். புதன்கிழமை காலை நான் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக "என்னடா ஹோசியா" என்று ஒரு வார்த்தையாவது உதிர்த்துவிட்டுப் போகிறவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒருத்தன் நான் துடைத்த படியிலேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே புகையிலையைத் துப்பினான். எச்சில் கலயம் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. குறி தவறிவிட்டது என்று நம்ப நான் என்ன சின்னப் பிள்ளையா?

விக்கரி பதினாறு வருஷம் எங்கள் கவுண்டியின் வரி மதிப்பீட்டு அதிகாரி. நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போடுகிற வேலை. ஓட்டுப் போட்டுத்தான் அந்த நாற்காலியில் ஆளை உட்காரவைப்பது. சேவல் சின்னம் போட்ட கட்சிக்காரர். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் என்றாலே சேவல் கட்சிதான். யானைக் கட்சி அவர்களுக்குத் தீட்டு. முப்பாட்டன் காலத்துச் சண்டையில் அவர்களைத் தோற்கடித்து எங்களை அடிமைத்தளையிலிருந்து விடுவித்த கட்சி அது. என் தாத்தா யானைக்கு ஓட்டுப் போட்டவர். என் அப்பா காலத்தில் சட்டம் போட்டு எங்களிடமிருந்து ஓட்டைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா ஓட்டே இல்லாமல் யானைக் கட்சிக்காரராக இருந்து, அப்படியே செத்தும் போனார்.

அந்த வருஷம் கோடையில்தான் எல்லாம் தலைகீழாகப் போனது. ஒரே ஓட்டலில் சாப்பிடலாம், ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று புதுச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி டெக்சாஸ்காரர், சேவல் கட்சிக்காரர்களோடேயே வளர்ந்தவர். எங்கள் மாநிலத் தலைவர்கள் அவர் பெயரையே ஓட்டுச் சீட்டில் அச்சடிக்கவிடவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட அரிசோனாக்காரர் ஜனாதிபதி தேர்தலில் யானைப் பக்கம் நின்றார். அவ்வளவுதான், பிறந்ததிலிருந்து யானையைக் கண்டாலே முகம் சுளித்தவர்கள் எல்லாம் ராவோடு ராவாக என் தாத்தாவின் யானை மேல் ஏறிக்கொண்டார்கள். இறங்கு என்று சொல்ல நான் யார்?

ஆனால் யார் யார் ஏறினார்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. கோர்ட் வராந்தாவில் எல்லாரும் சேவல் கட்சி. திரைக்குப் பின்னால் என்ன என்பது கடவுளுக்கும் பென்சிலுக்கும்தான் தெரியும். தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். காப்பிக் கடையில் தலைக்குத் தலை சந்தேகம்.

எங்கள் ஓட்டுச் சீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போர்வை மாதிரி பெரிய தாள். ஒரு பத்தியின் தலையில் சேவல் படம், அடுத்த பத்தியின் தலையில் யானை. படத்துக்குக் கீழே ஒரு வட்டம். வட்டத்தில் ஒரே ஒரு பெருக்கல் குறி போட்டால் அந்தப் பத்தியில் உள்ள அத்தனை பேருக்கும் ஓட்டு விழுந்துவிடும். வேண்டாமென்றால் கீழே இறங்கி, ஒவ்வொரு பெயராகப் பார்த்துக் குறி போடலாம்.

அப்படி யார் இறங்கினார்கள்? பதினாறு வருஷமாக விக்கரியே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். "எழுத்துக் கூட்டிப் படிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. சேவலுக்குக் கீழ ஒரு குறி, மடிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் பசுவைக் கறங்க." வெள்ளைக்காரக் கிழவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை அந்த வட்டத்துக்குத் தானாகப் போகும்.

எனக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஓட்டர் பட்டியலில் சேர என்னை மட்டும் அரசியல் சாசனத்தைப் பத்தி பத்தியாகப் படிக்கச் சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை, ஏற்கெனவே ஓட்டுள்ள ஒருத்தர் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். விக்கரிதான் போட்டார். அந்த வருஷம் அவருக்குப் போட்டி கடுமை. "மறந்துடாதடா" என்றார். நானும் மறக்கவில்லை.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். யானை வட்டத்தில் போட முடியாது, அதில் இப்போது ஏறியிருப்பவர்கள் யார் என்று தெரியும். சேவல் வட்டத்திலும் போட முடியாது. 'வெள்ளையரே மேல்' என்று அதன் தலைக்கு மேல் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே என் கை போகாது. ஜனாதிபதிக்கான வரிகளை வெறுமையாக விட்டேன். கீழே, வரி மதிப்பீட்டு அதிகாரி என்ற இடத்தில், கிரேடி விக்கரி பெயருக்கு நேராக ஒரே ஒரு குறி போட்டேன். யானைப் பத்தியில் அவரை எதிர்த்து நின்றவன் டுவேன் ஹூட், கோழித் தீவனம் விற்பவன். ஆள் இல்லாத இடத்தில் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். ஜெயித்த செய்தி கேட்டு அவனே பயந்துபோனானாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி லூவெனியா சோள ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நிஜமா நீ அந்தாளுக்குத்தான் போட்டியா?"

"நீயுமா?"

"கேக்குறேன்ய்யா. ஊரே கேக்குது, நான் கேக்கக் கூடாதா?"

"போட்டேன். பேருக்கு நேரா போட்டேன்."

"அட லூசு மனுஷா," என்றாள். "சேவல்காரன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டான்னு எட்டு வருஷமா வட்டி கட்டிக்கிட்டு இருக்கே. இப்ப முதலையும் சேத்து உன் தலையில கட்டப் பாக்குறானுங்க. திங்கக்கிழமை கமிஷன்ல உன் வேலையப் பத்திப் பேசப் போறாங்களாம், தெரியுமா?"

தெரியும். அடுத்த திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கள். கவுண்டியை நடத்தும் கமிஷனில் நாலு பேர் உட்கார்ந்து, என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பேசப்போகிறார்கள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் ஓட்டுப் போட்டுக் கெட்டான் என்று பெயரெடுத்த கறுப்பனுக்கு அந்தக் கவுண்டியில் ஒருத்தனும் வேலை கொடுக்க மாட்டான்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தக் கறுப்பு ஒட்டுத்தாள். எங்கள் சீட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நம்பர் உண்டு, அதை ஒரு சின்னக் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருப்பார்கள். அதே நம்பர் ஓட்டுச்சாவடிப் பட்டியலில் நம் பெயருக்கு நேராக இருக்கும். தேர்தலில் வில்லங்கம் என்று வழக்கு வந்தால் ஜட்ஜ் முன்னால் தாளை உரித்து, யார் யாருக்குப் போட்டார்கள் என்று பார்க்கலாம். என் நம்பர் முப்பத்தேழு. உரிக்கட்டும், படிக்கட்டும், என் பெயர் சுத்தமாகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

விக்கரி கோர்ட்டுக்குப் போனார். அவர் மனு கேட்டது நாங்கள் பதினோரு பேரும் ஓட்டுப் போட்ட கோர்ட் சாவடிப் பெட்டியை மட்டும், அதிலும் எங்கள் பதினோரு சீட்டை மட்டும். மற்றது எதற்கு, எல்லாம் நம்ம ஆட்கள் என்று எழுதியிருந்தாராம்.

மனுப் போட்ட அன்று படியில் என்னைப் பார்த்து நின்றார். தூங்காத கண்.

"வியாழக்கிழமை பாத்துடுவோம் ஹோசியா. நீ சுத்தம்னா நானே கமிஷன்ல வந்து சொல்றேன். இல்லேன்னா..."

"உரிங்க சார். அதத்தான் நானும் கேக்குறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயப்படாத கறுப்பனைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

வியாழக்கிழமை கோர்ட் நிரம்பி வழிந்தது. முடிவெட்டும் கடை மொத்தமும் கீழே முன்வரிசையில். எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் வழக்கப்படி கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மாடியில். நான் வேலைக்காரன் என்பதால் பின்வாசல் பக்கம் வாளியோடு நின்றேன். பதினோரு துரோகிகளின் பெயரைக் கேட்க வந்த கூட்டம் அது. கல்யாண வீடு மாதிரி கலகலவென்று இருந்தது.

ஜட்ஜ் ஆப்ரி கோல் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிரேடி, பதினோரு சீட்டை மட்டும் பொறுக்கி எடுத்து உரின்னு சட்டத்துல எங்கயும் இல்லப்பா. பெட்டியத் திறந்தா ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வரிசையா போகணும். சம்மதமா?"

விக்கரி எழுந்து நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "தாராளமா. மடியில கனம் இருக்கிறவன்தானே பயப்படணும்?"

கூட்டம் சிரித்தது. இனெஸ் என்ற குமாஸ்தா அம்மா பெட்டியைத் திறந்து, கட்டைப் பிரித்து, முதல் சீட்டை எடுத்தாள். நகத்தால் மெதுவாகக் கறுப்புத் தாளை உரித்தாள். நம்பரைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். மறுபடி நம்பரைப் பார்த்தாள்.

"சொல்லு இனெஸ்," என்றார் ஜட்ஜ்.

"ஒண்ணாம் நம்பர்." பட்டியலில் விரலை வைத்துக்கொண்டாள். "கிரேடி விக்கரி."

தேர்தல் நாளில் காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஓட்டு விக்கரியுடையது. பதினாறு வருஷ வழக்கம், உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம்கூட எடுப்பான். அது ஊருக்கே தெரியும், யாருக்கும் அந்த நிமிஷம் வரை ஞாபகம் வரவில்லை. அவருக்கும்தான். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை. தன் சீட்டில் தன் பெயர் இருக்கும் என்று நிச்சயமாக நம்பியவரின் முதுகு அது.

இனெஸ் சீட்டை விரித்து ஜட்ஜிடம் நீட்டினாள். ஜட்ஜ் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"யானைக்குக் கீழ, வட்டத்துல ஒரு குறி," என்றார். "வேற எங்கயும் குறி இல்ல."

 பிறகு சட்டப்படி சொல்ல வேண்டியதையும் சொன்னார். "வரி மதிப்பீட்டு அதிகாரி, டுவேன் ஹூட், ஒரு ஓட்டு."

"இல்ல!" விக்கரி கிட்டத்தட்ட ஓடிப்போய் மேஜையைப் பிடித்தார். "நான் என் பேருக்குப் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு ஆப்ரி. மேல... மேல ஜனாதிபதிக்கு மட்டும்தான்..."

சொல்லும்போதே அவருக்கே விளங்கிவிட்டது. ஜனாதிபதிக்கு மட்டும் போடுவதென்றால், அந்தப் பத்தியில் அவருக்காக நிற்கும் பத்துப் பிரதிநிதிகளின் பெயருக்கும் தனித்தனியாகப் பத்துக் குறி போட வேண்டும். பத்துக் குறி போட அந்த ஊரில் யாருக்குப் பொறுமை? கை பழக்கப்படி வட்டத்துக்குப் போயிருக்கிறது. சேவல் வட்டத்துக்குப் பதில் அடுத்த வட்டம். ஒரு குறி, மடி, போடு, வீட்டுக்குப் போய்ப் பசுவைக் கற. அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவரே எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு வந்திருந்தார்.

சிரிப்பு வந்ததா என்று லூவெனியா பிறகு கேட்டாள். வரவில்லை.  ஒரு மனிதன் தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜட்ஜ் இரண்டாம் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அடுத்ததாக ஓட்டுப் போடுவது எப்போதும் அவர்தான். "தொடரலாமா கிரேடி?" என்றார். குரல் மெலிந்திருந்தது.

முன்வரிசையில் ஒருத்தன் தொப்பியை எடுத்தான். பக்கத்தில் ஒருத்தனுக்குத் திடீரென்று மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டியது ஞாபகம் வந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தாளை உரித்தால் தன் மச்சான் முன்னால், தன் சர்ச் ஆட்கள் முன்னால் என்ன வரும் என்று ஒவ்வொருத்தரும் மனசுக்குள் பார்த்துவிட்டார்கள். பதினோரு பெயர் கேட்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிஷத்தில் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். படியில் துப்பியவன் என்னைக் கடக்கும்போது என் ஷூவைப் பார்த்துக்கொண்டு போனான்.

"வாபஸ்," என்றார் விக்கரி.

"வழக்கு வாபஸ்," என்றார் ஜட்ஜ். சுத்தியல் விழுந்தது. இவ்வளவு வேகமாக அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சீட்டு உள்ளேயே இருக்கிறது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடுப்பாதையில் நடந்தேன். கறுப்பன் அந்தப் பாதையில் தரை துடைக்கும் மாப்பு இல்லாமல் நடந்தது கிடையாது.

"ஐயா, என்னுது முப்பத்தேழு. அத மட்டும் உரிச்சிடுங்க ஐயா. ஒரு நிமிஷம்தான்."

"வழக்கு முடிஞ்சிருச்சு ஹோசியா."

"என் வேலை போகுதுங்கய்யா. நான் யாருக்குப் போட்டேன்னு..."

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்." இனெஸ் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு அரக்கு வைக்க ஆரம்பித்தாள். என் கண் முன்னாலேயே வைத்தாள். மாடியில் எங்கள் பிரசங்கி ஒருத்தர் "விடு ஹோசியா, வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கெஞ்சினேன் என்பதை மறைக்கவில்லை. எல்லார் முன்னாலும் கெஞ்சினேன்.

அன்று சாயங்காலம் விக்கரி தன் அறையை ஒழித்துக்கொண்டிருந்தார். குப்பை எடுக்கப் போனேன். உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"உக்காரு."

பதினாலு வருஷத்தில் அந்த அறையில் நான் கேட்காத வார்த்தை அது. நின்றேன்.

"நீ எனக்குப் போட்டியா ஹோசியா?"

நான் குப்பைக் கூடையைப் பார்த்தேன்.

"போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கிழமை நானே வந்து பேசுறேன். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"சொன்னா நம்புவீங்களா சார்?"

 என் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார், செல்லாக் காசா என்று பார்ப்பதுபோல. "நம்பப் பாக்குறேன்," என்றார்.

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆமாம் சார், போட்டேன் சார். காலையில் இதைச் சொல்லத்தான் எல்லார் முன்னாலும் மன்றாடினேன். இப்போது கேட்கிறார், வேலையையும் தருகிறார். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து நாளாக வராத கோபம், பாதத்திலிருந்து ஏறி வந்தது. காலையில் வாசலில் நெருக்கிக்கொண்டு ஓடினார்களே, அவர்களில் ஒருத்தனையாவது இப்படிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கேட்டாரா? தன் கை செய்த வேலையைக் கண்ணால் பார்த்த பிறகும் கணக்குக் கேட்பது என்னிடம். என் வேலைக்காகக் கேட்கவில்லை அவர். தன் பெயரைத் தேடிப் பிடித்துக் குறி போட்டவன் ஒருத்தனாவது இருந்தான் என்று கேட்டுவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வரும், அதற்காகக் கேட்டார்.

"சீட்டுல என்ன போட்டேன்னு யாருக்கும் சொல்லணும்னு சட்டம் இல்ல சார்."

"வேலை போயிடும்டா."

"தெரியும் சார்."

குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை வேலை போனது. ஓட்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தரை சரியாகத் துடைக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். லூவெனியா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "ஆமான்னு சொல்லியிருந்தா?" என்றாள். "வேலை இருந்திருக்கும்," என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. நான்கு மாசம் அவள் துணி வெளுத்த காசில் சாப்பிட்டோம். பிறகு பக்கத்துக் கவுண்டி மரமில்லில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

விக்கரி ஊரைவிட்டுப் போகவில்லை, இன்ஷூரன்ஸ் விற்றார். தெருவில் என்னைப் பார்த்தால் நின்றுவிடுவார். கேட்க மாட்டார், கண் மட்டும் கேட்கும். தன் பெயரைப் பார்த்துத் தனக்குப் போட்டவன் யார் என்று அந்த ஊர் முழுக்க அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப் பக்கத்தில் தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடப்பேன். கடைசிவரை சொல்லவில்லை.